படகின் குண்டூசி ஓட்டை

அன்புள்ள தினேஷ்,

ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு அப்பா உனக்குக் கடிதம் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குத் தெரிந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்துவிட்டேன். முதல் தடவை நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாய். இரண்டாம் தடவை பால்கனியில் உட்கார்ந்து துடுப்பைத் துடைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை. மூன்றாம் தடவை உனக்கு நேரம் இருந்தது, எனக்குத்தான் தைரியம் இல்லை. அதனால் எழுதிவிட்டேன். கார் சாவிக்கு அடியில் வைக்கிறேன். சனிக்கிழமை காலை கோவளத்தில் இறங்கி, கரையோரமாகவே நான்கு நாள் தனியாகத் துடுப்புப் போட்டுப் புதுச்சேரி போய்ச் சேருவேன் என்கிறாயே, அதற்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும். எதற்கென்று போகப் போகப் புரியும். பாதியில் கோபம் வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

இந்தப் படகை நீ வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? பட்டாபிராமில் கடல் கிடையாது. ஏரி உண்டு, அதிலும் பாதி நாள் ஆகாயத்தாமரைதான். அப்படிப்பட்ட ஊரில், இரண்டாம் மாடிக்காரன் மகன், நாலு ஆள் நீளத்தில் சிவப்பாக ஒரு கயாக்கைக் காரின் தலைமேல் கட்டிக்கொண்டு வந்து இறங்கினால் என்ன ஆகும்? ஃப்ளாட் சங்கச் செயலாளர் கீழே வந்து அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு என்னைக் கேட்டார்: "சார், இத டூவீலர் பார்க்கிங்ல போடறதா, ஃபோர் வீலர்லயா?" நான் மேலே வந்து உன்னைத் திட்டினேன். ஆவடியில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டேன். நீ வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். அம்மாதான், "பையன் குடிக்கறானா, சீட்டாடறானா? படகு ஓட்டிட்டுப் போறான், விடுங்க" என்றாள். அவள் உன் கட்சி. எப்போதுமே உன் கட்சி.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். முப்பத்தோரு வருடம் தொழிற்சாலையில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். கனரக வண்டிகளின் மூடிகளுக்கும் கதவுகளுக்கும் ரப்பர் பொருத்தி, ஓரங்களில் பேஸ்ட் வைத்து அடைத்து, வண்டியைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி, உள்ளே ஒரு சொட்டாவது போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. ஒரு சொட்டு இருந்தாலும் வண்டி திரும்பி வரும். என் கண்ணுக்கு ஓட்டை என்றாலே எதிரி. குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் சிங்க் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விரலால் பேஸ்டைத் தேய்த்து அடைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் அதன்மேல் நகத்தால் குறுக்காக ஒரு கீறல் போடுவேன். வேலையில் பழகிய பழக்கம். கீறல் இருந்தால் 'பார்த்தாயிற்று' என்று அர்த்தம். "விட்டா உங்கப்பா என் வாய்க்கும் பேஸ்ட் வச்சு ஒரு கீறல் போட்டிருவாரு" என்று உன் அம்மா சொல்லுவாள். உன்னையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து கடற்கரைக்கு அழைத்துப் போனார்களே, அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். உனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு நீ உன் சிநேகிதன், பக்கத்து வீட்டு யுவராஜின் வாசலில் உட்கார்ந்து, அவன் திரும்பி வந்து கதை சொல்வதற்காகச் சாயங்காலம் வரை காத்திருந்தாய். அவன் உனக்காகச் சட்டைப்பை நிறையக் கடல் மணல் கொண்டுவந்தான். அவன் அம்மா அந்தச் சட்டைக்காக அவனை அடித்தது நமக்குச் சமையலறை வரை கேட்டது.

அப்படி வளர்ந்த நீங்கள் இரண்டு பேரும் பெரியவர்களாகி நீச்சல் கற்று, துடுப்புப் போடக் கற்று, ஆளுக்கொரு படகு வாங்கியபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, பொறாமை. இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ வெயிலில் கறுத்து, காதோரம் உப்புப் பூத்து, பசியோடு வந்து உட்காருவாய். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்து வாடியிருந்த முகம், ஒரே நாளில் எப்படி இப்படி ஆனது என்று பார்ப்பேன். நான் முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூட வேலையிலிருந்து அப்படி வீட்டுக்கு வந்ததில்லை.

பிறகு நீ என்னைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனாய். "ஒரே ஒரு நாள் வாங்கப்பா, பிடிக்கலேன்னா இனிமே பேச மாட்டேன்" என்றாய். இரண்டு பேர் உட்காரும் வாடகைப் படகு. லைஃப் ஜாக்கெட்டின் பட்டிகளை நீ இறுக்கிவிட்டபோது, எல்.கே.ஜி. பையனுக்கு டை கட்டிவிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. முன்னால் என்னை உட்கார வைத்துப் பின்னால் நீ ஏறினாய். முதல் கால் மணி நேரம் நான் துடுப்பைப் போட்டேனா, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியாது. பின்னாலிருந்து உன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "இடது. இப்ப வலது. அவசரம் வேணாம்பா. உங்க இழுப்புக்கு நான் வரேன்." முன்னால் இருப்பவரின் வேகத்துக்குத்தான் பின்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டுமாமே. வீட்டில் என்றைக்காவது நீ என் வேகத்துக்கு வந்திருக்கிறாயா? நானும் உன் வேகத்துக்கு வந்ததில்லை. அந்த ஏரியின் நடுவில்தான் முதன்முதலாக நாம் இரண்டு பேரும் ஒரே தாளத்தில் ஒரு வேலை செய்தோம்.

அன்றைக்குப் பார்த்ததை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. படகில் உட்கார்ந்தால் தண்ணீர் இடுப்பளவில் இருக்கிறது. கரையில் நின்று பார்க்கிற தண்ணீர் வேறு, அது வேறு. மடவை மீன் ஒன்று என் கைக்குப் பக்கத்தில் எகிறி விழுந்தது. தொலைவில் நாரைக் கூட்டம் நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை. மோட்டார் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை, துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான். நான் என் முழங்கால் வலியை மறந்திருந்தேன் என்பதே கரையில் இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் குப்பத்துக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் வலை காயப்போடும் இடத்துக்கு அப்பால் கூடாரம் அடித்தாய். குட்டி அடுப்பில் ரவை உப்புமா கிண்டினாய். அதில் மணல் இருந்தது, உப்பு இல்லை. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். விடிந்தபோது கூடாரத்தைத் திறந்து காலை வெளியே நீட்டிக்கொண்டு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சூரியன் வந்தது. நீ டீ போட்டுக் கொடுத்தாய். நான் ரிட்டயர் ஆன நாளில் மாலை போட்டுப் பேசினார்களே, அன்றைக்குக்கூட என் நெஞ்சு அப்படி நிறையவில்லை. உனக்கு ஏன் இது பிடிக்கிறது என்று அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை, கவனித்தாயா? கேட்க ஒன்றும் இல்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

நீங்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மூன்று நாள் போவதாக இருந்தீர்கள், நீயும் யுவராஜும். நீ அலுவலகம் போயிருந்த ஒரு பகலில் நான் கீழே இறங்கி, பார்க்கிங் சுவரில் தொங்கிய உன் படகை என் வேலைக் கண்ணோடு பார்த்தேன். பிள்ளை கடலுக்குப் போகிறான், அப்பா இத்தனை வருடம் கற்ற வித்தை எதற்கு? சாமான் அறைகளின் மேல்மூடிகளில் இருந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்தேன். நல்ல ரப்பர். பிறகு தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன். நீ உட்காருகிற இடத்துக்குப் பின்னால், சாமான் வைக்கிற அறையைப் பிரிக்கிற தடுப்பில், குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. கம்பெனிக்காரன் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டானே என்று அவனைத் திட்டினேன். ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் நான் எப்போதும் வாங்குகிற சாம்பல் நிறப் பேஸ்டை வாங்கிவந்து அடைத்து, விரலால் தேய்த்து, நகத்தால் ஒரு கீறலும் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. என்றைக்காவது நீயே அந்தக் கீறலைப் பார்த்து, அப்பா வேலை என்று கண்டுபிடிப்பாய் என்று ஓர் ஆசை.

மீதி உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதிதான் தெரியும். மதியம் கரையேறிச் சமைத்தீர்கள். உன் படகின் பின்னறையிலிருந்து அடுப்பை எடுத்தது யுவராஜ், மறுபடி மூடியதும் அவன்தான். இரண்டு மணி நேரம் படகுகள் வெயிலில் மணல்மேல் கிடந்தன. பிறகு கடலில் இறங்கினீர்கள். கரையிலிருந்து வெகு தூரம் போன பிறகு உன் படகின் பின்பக்கம் அமிழ ஆரம்பித்தது. மூடியின் ஓரம் எழும்பியிருந்தது. அலை ஒவ்வொன்றும் உள்ளே போயிருக்கிறது. படகு கவிழ்ந்து உன் வலது தோள் பிசகி, யுவராஜ் தன் படகில் உன்னையும் உன் படகையும் கயிறு கட்டி ஒரு மணி நேரம் இழுத்துக் கரை சேர்த்தான்.

செங்கல்பட்டுப் பக்கம் அந்த மருத்துவமனையில் நான் வந்து நின்றபோது, அம்மா உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "மூடுனது அவன்தான்பா. ஒரு மூடிய ஒழுங்கா மூடத் தெரியல" என்றாய். யுவராஜ் நடைபாதையில் ஈரச் சட்டையோடு நின்றான். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். "நான் மூடினேன் அங்கிள். ரெண்டு வாட்டி தட்டிப் பாத்தேன், சத்தியமா. வெயில்ல உள்ள காத்து சூடாகி மூடியத் தள்ளிக்கினு இருக்கும்னு பாத்தா, அதுக்குத்தான் உள்ளாற சின்னதா ஒரு ஓட்டை வச்சிருப்பானே, காத்து போறதுக்கு. அப்பால எப்படி தூக்குச்சுன்னே தெரில."

தினேஷ், எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. காற்று போவதற்காக வைத்த அந்த ஓட்டையைத்தான் நான் அடைத்திருந்தேன். குக்கரின் வெயிட்டுக்கு அடியில் இருக்கும் ஓட்டை எதற்கென்று தெரிந்தவன்தான் நான். இதில் தெரியாமல் போய்விட்டது. அந்த நடைபாதையில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உன் கட்டில் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். நீ கண்விழித்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தக் கையை நீ உதறிவிடுவாயோ என்ற பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. தோள் சரியானதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தோள் சரியாகி ஒரு வருடம் ஆகிறது. இதற்குள் நீ அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாய். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்களின் பட்டியலை என்னிடம் கொடுத்தாயே, அதை நான் மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தேன். யுவராஜ் பெயர் இல்லை. கடல் மணலைச் சட்டைப்பையில் கொண்டுவந்த பையன் பெயர் இல்லாமல் வைகாசியில் உனக்குக் கல்யாணம் நடக்கப் போகிறது. காரணம் உன் அப்பா.

விபத்துக்குப் பிறகு படகு வானகரத்தில் யுவராஜின் ஃபைபர் பட்டறையில் கிடந்தது. போன வாரம், 'படகை அனுப்பு' என்று ஒற்றை வரியில் நீ மெசேஜ் போட்டதும் குட்டி லாரியில் அனுப்பிவிட்டான், அவன் வரவில்லை. அது வந்த மறுநாள் நீ வேலைக்குப் போனதும் நான் டார்ச்சும் ஊசியுமாகக் கீழே ஓடினேன். பேஸ்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், நீ தனியாகப் போகிறாய். உள்ளே தலையை விட்டுப் பார்த்தால் பேஸ்ட் இல்லை. சுத்தமாகத் துடைத்து, மெல்லிய துளைக்கருவி வைத்து யாரோ ஓட்டையைத் திறந்திருந்தார்கள். ஓரங்கூட வழுவழுப்பாகத் தேய்த்திருந்தது. அப்படியே பஸ் பிடித்துப் பூந்தமல்லி போய், அங்கிருந்து வானகரம் போனேன்.

யுவராஜ் கார் பம்பர் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "இன்னா அங்கிள், இம்மாந் தூரம்? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. ஓட்டையைத் திறந்தது நீயா என்று கேட்டேன். அவன் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

"படகு இங்க வந்த அன்னிக்கே பாத்துட்டேன் அங்கிள். அந்தச் சாம்பக் கலரு பேஸ்ட்டு, மேல நகத்தால ஒரு கீறல். எங்க ஊட்டு சிங்குல இன்னும் அதே கீறல் கீது. வேற எவன் போடுவான்?"

"ஏம்பா அவன்கிட்ட சொல்லல?"

"சொன்னா? உங்களாண்ட பேச மாட்டான். ஒரே ஊட்ல கீறீங்க, மூஞ்சியத் திருப்பிக்கினு எத்தினி நாளு இருப்பீங்க? நான் வெளியாளு. என்னாண்ட பேசாட்டி இன்னா, நான் இங்க பட்டறையப் பாத்துக்கினு கெடப்பேன்." பிறகு பம்பரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: "மொத ஆறு மாசம், நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன் அங்கிள்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அறுபத்திரண்டு வயதில் நடுப் பட்டறையில் அழுதேன். அவன் பதறிப்போய் எனக்கு டீ வாங்கப் போய்விட்டான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது எந்த யோக்கியதையும் இல்லை. ஆனாலும் அப்பன் இல்லையா, இரண்டு வார்த்தை சொல்லாமல் முடியாது. கல்யாணமாகிக் குடும்பம் என்று வந்த பிறகு, நல்லது செய்கிறேன் என்று எதையும் கேட்காமல் அடைத்துவிடாதே. இது எதற்கு இருக்கிறது என்று முதலில் கேள். தப்புச் செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம், இது நான் ஒன்றரை வருடம் அனுபவித்தது. கடலில் தினமும் கரையேறியதும் அம்மாவுக்குப் போன் செய். மீனவர்கள் வேண்டாம் என்று சொன்னால் இறங்காதே. உப்புமாவில் உப்புப் போடு.

என்மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். ஒரே வீடுதான், சாப்பாட்டு நேரத்தில் எப்படியும் உன்னைப் பார்த்துவிடுவேன். ஆனால் யுவராஜிடம் இன்னும் ஒரு நாள்கூடப் பேசாமல் இருக்காதே. நீயும் வருகிறாயா என்று நான் அவனைக் கேட்டேன். "அவன் கூப்டா பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது பட்டறையின் பின்பக்கம் பார்த்தேன். அவனுடைய மஞ்சள் படகு கழுவித் துடைத்து, மூடிகளெல்லாம் திறந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கூடாரத்தையும் உதறிப் போட்டிருந்தான்.

நீ கோவளம் போகிற வழியில்தான் வானகரம். சனிக்கிழமை காலை படகைக் காரின்மேல் ஏற்றும்போது என்னைக் கூப்பிட உனக்கு மனம் வந்தால் ஒரு முனையைப் பிடிக்கிறேன். வராவிட்டால் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக்கொள். யாரைக் கூப்பிட்டாலும் சரி, படகை நடுவில் வைத்துக் கட்டாதே. இடது பக்கமாக ஒதுக்கிக் கட்டு. வலது பக்கம் இன்னொரு படகுக்கு இடம் இருக்கட்டும்.

உன்
அப்பா